வாசிக்க ஆளில்லாத கால்பெட்டி

எங்கள் ஆர்மோனியப் பெட்டிக்காரர் ஞானமுத்துவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கெட்டுப்போனது இதுதான். மற்ற தொல்லையெல்லாம் இதற்குப் பின்னால் வந்தது.

கால் ஆர்மோனியம் இரண்டு ஆள் தொழில். ஒருவர் வாசிப்பார். மற்றவன் தூக்குவான், இறக்குவான், கால் விரித்து நிறுத்துவான், ஆட்டம் போகச் சிராய் செருகுவான், கரப்பான் விரட்டுவான். வாசிக்கிறவருக்கு மாலை. தூக்குகிறவனுக்கு முதுகுவலி. இன்றைக்கு மேடையில் கீபோர்டை வைத்து ஒயரைச் செருகிவிட்டு, பாட்டுக்காரர் வருகிறாரா என்று வாசலையே பார்த்து நிற்கிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. புரியவும் வேண்டாம்.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில், கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எங்கள் நாடகக் கூட்டம் இருந்தது. வெள்ளைக்கார துரை ஓடிவிட்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணிதான் இப்போது துரை. யார் லாரியில் ஏற வேண்டும் என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். கூட்டம் போட்டால் பாட்டு வேண்டும் என்பதால் நாடகக்காரர்களை விட்டுவைத்திருந்தார்கள். ஞானமுத்துவும் நாடகக்காரர்தான். ஆனால் உப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவரை அங்கே யாரும் விசாரிக்கவில்லை. லாரி நின்றது. ஏற்றினார்கள். போய்விட்டது.

நான் கிராணியிடம் போய் நின்றேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பெட்டி பாடுற வரைக்கும் நீ நாடகத்து ஆளு, சூசை. பாடலேன்னா தோட்டத்து ஆளு. தோட்டத்து ஆளை எங்க அனுப்புறோம்னு உனக்கே தெரியும்."

எனக்கு வாசிக்கத் தெரியாது. எந்த ரீடு பிசகுகிறது என்று காது சொல்லும். விரல் பேச்சுக் கேட்காது.

சத்தம் பார்த்தது

பெட்டியின் காலை மடக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் கொக்கியைத் தூக்கினால் மறு பக்கம் விழும். ஞானமுத்து இருந்தவரை மறு பக்கம் அவர் பிடிப்பார், பிடித்துக்கொண்டே என்னைத் திட்டுவார். அவர் போன பிறகு முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பழகினேன். திட்டுவதற்கு ஆள் இல்லை. அது இவ்வளவு பெரிய குறை என்று அதற்கு முன் தெரியாது.

வெளிச்சம் போடக்கூடாது என்று உத்தரவு. அதனால் நாடகமெல்லாம் பகலில்தான். ஒரு மத்தியானம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பெட்டியை நிறுத்தினேன். மழைக்காலம், மரம் ஊறிக் கட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. கரிச்சட்டியை அடியில் வைத்துச் சூடு காட்டினேன். பிறகு உட்கார்ந்து மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தேன். ஞானமுத்து என்றால் நாலு விரலில் ஒரு பாட்டை ஓட்டி ஒரே மூச்சில் சோதித்துவிடுவார். எனக்கு ஒன்று முடிந்துதான் அடுத்தது. அழுத்தி, நீளமாகக் கேட்டு, விட்டு, அடுத்தது.

ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு அம்மாள் ஓடிவந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். பெட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். முன்னால் வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அட, நீதானா? இன்னும் எந்த வீட்டு ஆம்பளைய ஏத்திட்டாங்களோ, யாரோ அழுவுறாங்கன்னுல்ல ஓடியாந்தேன்!"

தையல்காரர்

யோங் பெங்கில் ஒரு தையல்காரர் கிடைத்தார். வீட்டில் கைப்பெட்டி வைத்துப் பஜனை வாசித்தவர். விரல் சுமாராக ஓடியது. எனக்குப் பெரிய சந்தோஷம். அவருக்காக முக்காலியின் உயரத்தைக் குறைத்தேன், பெட்டியின் பின்காலுக்கு ஒரு பலகை கொடுத்தேன், பூச்சி வராமல் உள்ளே சூடம் போட்டேன். ராஜா வேஷக்காரர் கோவிந்தன் மீசையை ஒட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

கால்பெட்டிக்கு மிதி இரண்டு. இடது வலது என்று மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும், அப்போதுதான் காற்று அறாமல் வரும். தையல்காரருக்குப் பழக்கம் ஒரே பலகை. இரண்டு காலையும் சேர்த்து வைத்து மிஷினை ஓட்டுவதுபோல் அமுக்கினார். பாட்டு ஓங்கி எழுந்தது, உடனே செத்தது, மறுபடி எழுந்தது. கோவிந்தனும் அதற்குத் தக்கபடி கத்தி, நிறுத்தி, கத்தினார். இது போதாதென்று அடி முடிகிற ஒவ்வொரு இடத்திலும் தையல்காரருடைய வலது கை கட்டையை விட்டுவிட்டுப் பெட்டியின் ஓரத்தைத் தடவியது. மிஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தத் தேடுகிறார்! நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்து மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தேன். கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டார்.

கோவிந்தன் பாட்டை நிறுத்தினார். கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மாஸ்டர், வாசிக்கச் சொன்னா தைக்கிறீங்களே! பித்தான் எப்ப வைப்பீங்க?"

கூழ்

துருத்தித் துணி ஓரத்தில் விட்டுக்கொண்டது. ஒட்டுவதற்கு முன்பெல்லாம் வஜ்ரம் காய்ச்சுவேன். இப்போது வஜ்ரத்துக்கு எங்கே போவது? மரவள்ளிக் கூழ் நன்றாக ஒட்டும். லயத்தில் ஒரு வீட்டில் கேட்டேன். புருஷன் சயாமில், மூன்று பிள்ளைகளோடு அந்தப் பெண் தனி. எதற்கென்று கேட்கவில்லை. கொட்டாங்கச்சியில் பாதி ஊற்றிக் கொடுத்தாள். ஒட்டினேன். அருமையாகப் பிடித்தது.

அடுத்த நாள் பெட்டியைத் திறந்தால், ஒட்டின இடம் முழுவதும் எலி கொறித்துவிட்டது. கூழை மட்டும் தின்னவில்லை. கூழ் ஊறிய துணியையும் சேர்த்துத் தின்றிருந்தது. எலிக்கும் ரேஷன் இல்லை போலிருக்கிறது. வேறு துணி வெட்டி எடுத்துக்கொண்டு, யோசனை இல்லாமல் அதே வாசலில் போய் நின்றேன். அவள் கொட்டாங்கச்சியையும் பார்த்தாள், பசையோடு இருந்த என் விரலையும் பார்த்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்: "எம் புள்ளைங்களே ரெண்டாந்தடவை கேக்காதுங்கண்ணே."

அதற்குப் பிறகு ரப்பர் பாலில்தான் ஒட்டினேன். நாற்றம் தாங்காது. எலி வரவில்லை.

மெர்சிங் காற்று

ஆள் கிடைக்காத இடங்களில் ஒரு தந்திரம் செய்தேன். சுருதிக் கட்டையை அழுத்தி, இடுக்கில் தீக்குச்சியைச் செருகிவிடுவேன். அது நிற்காமல் ஒலிக்கும். நான் உட்கார்ந்து மிதித்துக்கொண்டு கையை மட்டும் கட்டைகளின் மேல் ஓட்டுவேன், அழுத்தமாட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் வாசிப்பதுபோல் இருக்கும். கோவிந்தன் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே முழு நாடகத்தையும் பாடி முடிப்பார். தொண்டைக்காரர்.

இப்படித்தான் மெர்சிங்குக்கும் போனோம். ஜப்பான் அதிகாரி ஒருவர் அழைத்திருந்தார்; கரியில் ஓடும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடற்கரை ஓரம் மேடை. கிழக்கிலிருந்து உப்புக்காற்று. பித்தளை ரீடுக்கு உப்பு ஆகாது. ரீடு மூச்சு விடுவது பெட்டியின் முதுகுப் பக்கம். அதனால் முதுகை ஊரைப் பார்க்கத் திருப்பி வைத்து, கடலுக்கு என் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தொழில்படி சரி. இப்போது கேட்டாலும் அப்படித்தான் வைப்பேன்.

ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து கிழக்கே திரும்பி, ஜப்பான் ராஜா இருக்கும் திசைக்குக் குனிய வேண்டும். எல்லாரும் குனிந்தார்கள். நான் எழுந்தால் மிதி நிற்கும், சுருதி சாகும், குட்டு உடையும். குனியாமல், ராஜாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதித்துக்கொண்டே இருந்தேன். அதிகாரி மேடை ஏறி வந்து கன்னத்தில் ஒன்று வைத்தார். காது அடைத்துப்போனது. மொழிபெயர்க்க வந்தவர் நம்ம ஆள், முன்னே தபாலாபீஸில் இருந்தவர். உப்புக்காற்று, ரீடு என்று அவரிடம் தமிழில் கத்தினேன். ஒரு வார்த்தைகூட ஜப்பான் பாஷைக்குப் போகவில்லை. என்னைத் தூக்கி நிறுத்திக் கிழக்கே திருப்பிவிட்டு, காதருகில் மெதுவாகச் சொன்னார்: "காத்து எந்தப் பக்கம் வேணாலும் வரட்டும், தம்பி. மரியாதை ஒரே பக்கம்தான்."

கூலி, ஒரு கட்டுக் கருவாடு. திரும்பும் வழியில் கோவிந்தனும் மற்றவர்களும் லாரியின் முன்பக்கம் தூங்கினார்கள். நான் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிபட்ட காதில் ஞீ என்று ஒரே சுரம். குச்சி செருகிய கட்டை மாதிரி.

ரயில் கேட்டு

தீக்குச்சிச் சங்கதி பெரிய கிராணி காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டுவிட்டார். "ஞாயித்துக்கிழமை ஜப்பான் அதிகாரி நம்ம தோட்டத்துக்கு வர்றாரு. பாட்டு வரணும். வெறும் ஊதல் வந்தா, திங்கக்கிழமை லாரி வரும்." அவ்வளவுதான் பேச்சு.

பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கூலாய் முழுக்க ஆள் தேடினேன். விரல் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒன்று சயாமில், அல்லது காட்டில், அல்லது வீட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். திரும்பும்போது ரயில் கேட்டு சாத்தியிருந்தது. ரயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். நல்ல வெயில். சும்மா நிற்பானேன் என்று பெட்டியை இறக்கிக் கால் விரித்துக் காயவைத்தேன்.

கேட்டைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண், எலிசபெத்து என்று பேர். கேட்காரனின் மனைவி. ரயில் வேலை தெரிந்தவன் என்று புருஷனைத்தான் முதலில் பிடித்துப் போனார்கள். கொடியை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது காலால மிதிக்கிறதா?"

"பார்த்தா தெரியலையா?"

"மடத்துல சிஸ்டருங்க ஆர்கன் சொல்லிக்குடுத்தாங்க. பூசைப் பாட்டு மட்டும்தான் தெரியும். தொடலாமா?"

தொடுங்கள் என்றேன். வேறென்ன சொல்வேன்? பச்சைக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது, வலது, இடது, வலது. காற்று ஒரு இடத்திலும் அறவில்லை. பூசைப் பாட்டு ஒன்று வந்தது. ஞானமுத்து போன பிறகு அந்தப் பெட்டியில் இரண்டு சுரம் சேர்ந்து கேட்டது அப்போதுதான். நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் வந்தது, ஒரு கையால் கொடியைக் காட்டிக்கொண்டே மறு கையால் வாசித்தார். ரயில் போயும் விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.

பின்னால் நின்ற வண்டிக்காரக் கிழவர் ஒருவர்தான் கத்தினார்: "யம்மா, கேட்டைத் தொற! மாட்டுக்கு வயசாவுது!"

சாக்குப் படுதா

ஞாயிற்றுக்கிழமை வாசிக்க எலிசபெத்தம்மாளை அழைத்தேன். பொம்பளை பெட்டி வாசிக்கக் கூடாது என்றார் கோவிந்தன். ஜனம் அவரைப் பார்க்காமல் அந்த அம்மாளைப் பார்க்குமாம். அப்படியானால் திங்கட்கிழமை லாரியில் எனக்குப் பக்கத்தில் உட்காரு என்றேன். அடங்கினார். எலிசபெத்தம்மாளுக்கும் மேடையில் தெரிவது பிடிக்கவில்லை. துணி கிடைக்காது, அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து மேடைக்குப் பக்கவாட்டில் படுதா கட்டினேன். பாடுகிறவரின் வாய் தெரியும்படி கண்ணளவுக்கு ஒரு ஓட்டை. மண் இளகியிருந்ததால் பெட்டியின் நாலு காலுக்கும் சிரட்டை கவிழ்த்து வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றைத் தவிர: நாடகப் பாட்டு ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. பூசைப் பாட்டின் மெட்டுக்குத்தான் கோவிந்தன் தன் வரிகளைப் பாடியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி முன்வரிசையில். பக்கத்தில் பெரிய கிராணி. பின்னால் பெண்கள், பெண்கள், பெண்கள். ஆண்கள் எண்ணிவிடும் அளவுதான். ராஜா அசுரனோடு சண்டை போடும் இடம் வந்தது. வேகமாகப் போக வேண்டிய பாட்டு, சவ அடக்கப் பூசையின் நடையில் வந்தது. கோவிந்தன் கத்தியை ஓங்கினார். இறக்குவதற்குள் இரண்டு அடி முடிந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. படுதா ஓரமாகப் பார்த்தால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அசுரனைப் பற்றி யாருக்குக் கவலை?

அதிகாரி கடைசிவரை அசையாமல் கேட்டார். எழுந்து போகும்போது கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கிராணி மேடைக்குப் பின்னால் வந்தார். படுதாவைத் தூக்கிப் பார்க்கவில்லை. "பாட்டு வந்துச்சு. நீ நாடகத்து ஆளு," என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். கோவிந்தனுக்குத்தான் ஆறவில்லை. மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பிடித்தார்: "அசுரன் சாவுறதுக்கு ஜனம் எதுக்குய்யா இப்படி அழுவுது? அவனை வெட்டுறது நானில்ல?"

ஜப்பான்காரன் சண்டை முடிகிறவரை எல்லா ஆட்டத்துக்கும் சாக்குப் படுதா கட்டினேன். ஞானமுத்து திரும்பி வரவில்லை. கேட்காரனும் வரவில்லை. அந்த அம்மாள் தன் தங்கையிடம் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பெட்டியின் காலை இன்னும் முழங்காலால்தான் முட்டுக்கொடுத்து மடக்குகிறேன்.

தூக்கினவன், நிறுத்தினவன், ஒட்டினவன், அடிவாங்கினவன் எல்லாம் நான்தான் என்றாலும், அந்தப் பெட்டியைச் சரிசெய்தது யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: கூலாய் ரயில் கேட்டு எலிசபெத்தம்மாள்.