சந்தியாகு அண்ணாச்சி பாக்காத அந்தப் பந்து

நேத்து காலைல சந்தியாகு அண்ணாச்சி நம்பர்ல இருந்து மெசேஜ். வழக்கமான குட்மார்னிங் பூப்படம்னு திறந்தா, அவங்க மக எழுதிருந்தாவ: "அப்பா தவறிட்டாங்க தம்பி." பதில்னு எதையோ அடிச்சேன், அழிச்சேன். அப்படியே பஸ் ஏறிட்டேன்.

நம்ம டென்னிஸ் குரூப்ல எல்லாருக்கும் அவங்களத் தெரியும். எனக்குப் பழக்கமானதே ஒரு சண்டைல. மேட்ச் பத்தி நான் பேசுத வீடியோல, கோட்டைத் தொட்ட பந்தை அவுட்னு கத்திட்டேன். அண்ணாச்சி கமெண்ட்ல வந்து எழுதுனாவ: "ஏலே, கோடு தொட்டாலே உள்ளதாம்ல." நேர்ல போனப்ப, "மட்டையக் கையில பிடிச்சிருக்கியால?"ன்னு கேட்டாவ. "இல்ல அண்ணாச்சி, எல்லாம் மொபைல்ல பாத்ததுதான்." "அதான் வாய் மட்டும் சர்வீஸ் போடுது!"

எழுபதுகள்ல தூத்துக்குடில செம்மண் கோர்ட்ல ஒரு டோர்னமெண்ட் நடந்திருக்கு. ரெண்டாம் வரிசைதான். ஆனா அதுல ஜெயிச்சாத்தான் பெரிய டோர்னமெண்ட்டுக்குள்ள போக முடியும். ஹார்பர்ல கிளார்க்கா இருந்த அண்ணாச்சி அங்கன லைன் அம்பயர். பின்கோட்டுல நின்னு, பந்து உள்ளயா வெளியயான்னு சொல்லுத வேலை.

ரகுராம்னு ஒரு கோயம்புத்தூர்காரர். இதுல தோத்தா ஆட்டத்தையே விட்டுறணும்னு வீட்டுல கெடு. எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட், இந்த ஒரு பாயிண்ட் எடுத்தா அவன் ஜெயிச்சிருவான். ரகுராம் அடிச்ச பந்து அண்ணாச்சி கோட்டுக்கு வருது. அந்த நேரம் பாத்து மாதா கோயில்ல ஆறு மணி ஜெப மணி. சின்னதுலருந்து பழகுன உடம்பு. தலை தானா குனிஞ்சிட்டு, கண்ணு மூடிட்டு. திறக்கும்போது பந்து தாண்டிட்டு. எல்லாரும் இவங்களையே பாக்காவ.

"அவுட்!"

செம்மண்ல பந்து விழுந்த தடம் இருக்கும், பாத்துக்கிடலாம். உசந்த நாற்காலில இருந்த மெயின் அம்பயர் இறங்கி வந்து பாத்தா, எதிராளி சறுக்குன ஷூ அதை அழிச்சிட்டு. ரகுராம் பக்கத்துல வந்து கேட்டாராம், "நீங்க பாத்தீங்கள்ல சார்?"

"பாத்தேன்."

அவ்வளவுதான். எதிராளிக்குக் கை குடுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் எந்த டோர்னமெண்ட்லயும் அவர் பேர் இல்ல.

"சண்டை போட்டிருந்தா மறந்திருப்பேன்ல. நம்பிட்டாம்ல அவன்"னு சொல்லிட்டு அண்ணாச்சி என் போனைக் காட்டுனாவ. "எப்பவும் போனுக்குள்ளயேதான கிடக்க, அவனைத் தேடிப் பிடி. மொதல்ல அவன்ட்ட சொல்லணும். பொறவு ஊருக்கே சொல்லு."

ஆறு மாசம் தேடினேன். ஒரு பழைய காலேஜ் போட்டோவ வச்சு, போன மாசம் ரகுராம் சாரோட மக கிடைச்சாங்க. சார் இறந்து மூணு வருஷம் ஆச்சாம். "அப்பா டென்னிஸ் ஆடுவாரா?"ன்னு என்னையே கேட்டாங்க.

அண்ணாச்சிட்ட நான் சொல்லல. எப்படிச் சொல்ல? ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, "கிடைச்சானால?"ன்னு கேக்காவ. "தேடிட்டு இருக்கேன் அண்ணாச்சி." நாலு தடவ கேட்டாவ. நாலு தடவையும் அதேதான் சொன்னேன்.

பேச்சு நின்னுருமோன்னு பயந்து, ரகுராமுக்குன்னு ஒரு வாய்ஸ் நோட் எனக்கு அனுப்பி வச்சிருந்தாவ. "தம்பி, நான் பாக்கலய்யா. பாத்தேன்னு சொல்லிட்டேன்." எங்கிட்ட அவங்க விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். இன்னைக்கு அடக்கம் முடிஞ்சு பஸ்ல வரும்போது ஃபார்வர்ட் அமுக்கிப் பாத்தேன். பேரெல்லாம் வந்துச்சு. கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்தேன், ரகுராம் சார் பேர் மட்டும் இல்ல.

நீங்க எல்லாரும் இருக்கீங்க.