மலையைக் கூறுபோட மறுத்தவர்

ஸ்கூடாய் சாலையில் காலை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது ஆரோக்கியமேரியின் கணவர் கைப்பேசியில் அழைத்தார். "மேரி போயிட்டா, பாலா" என்றார். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்த பிறகுதான் காரை நகர்த்தினேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், மேரியை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். அது என்ன செய்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

நாங்கள் இருவரும் ஒரே நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தோம். கோத்தா திங்கி ஊருக்கு அப்பால் ஒரு மலைச்சரிவை வேலியடைத்து விடுதிகள் கட்ட ஒரு நிறுவனம் விரும்பியது. எங்களிடம் வந்த தாளில் அந்தச் சரிவு 'காலி நிலம்' என்றிருந்தது. மேரி அந்த மலையடித் தோட்டத்தில் பிறந்தவர். "ஆளே இல்லாத மலையில பாதை எப்படி வந்துச்சு?" என்று எங்கள் முதலாளியிடமே கேட்டார். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மலைக்குப் போனார். பிறகு எல்லா ஞாயிறும் போனார்.

சரிவில் கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்து மலாய்க்காரர்களின் டுரியான் பழமரங்கள் இருந்தன. மேலே பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் பிரம்பு வெட்டினார்கள். தோட்டத்துத் தமிழர்களான நம்மவர்கள் மாடு மேய்த்தார்கள். தலைமுறைகளாக எல்லாருக்கும் ஒரே பாதை, ஒரே ஓடை. வேலி வருகிறது என்றதும் மூன்று தரப்பும் அரசாங்கத்துக்குத் தனித்தனியே மனு எழுதத் தொடங்கின. மாடு வைத்திருந்த முனியாண்டி மேரியைத் தேடி வந்தார்.

"நம்ம பக்கத்த மட்டும் தனியா வரைஞ்சு குடும்மா."

"நடுவுல கோடு போட்டா மூணு பேருமே தோத்துருவோம்ணே. நான் போடமாட்டேன்."

மூன்று தரப்பையும் மலையடியில் இருந்த சிறு தேநீர் ஒட்டுக்கடையில் உட்கார வைத்தார். நானும் இருந்தேன். தேநீர் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. முனியாண்டியின் மாடுகள் மரக்கன்றுகளை மேய்ந்துவிட்டதாக டுரியான்கார ஹமிட் மலாயில் சத்தம் போட்டார். முனியாண்டியும் மலாயிலேயே திருப்பிக் கத்தினார். பழம் விழும் மாதங்களில் மாடு ஏறக்கூடாது என்று தங்களிடம் ஹமிட்டின் தந்தை வாக்கு வாங்கியதையும், அதைத் தன் வீட்டார் மீறியதே இல்லை என்பதையும் சொன்னார். ஹமிட் அடங்கினார். அந்த வாக்கு கொடுத்தபோது தன் தந்தையும் அங்கே இருந்ததாகப் பிரம்பு வெட்டும் பெரியவர் சொன்னார்.

நான் விலக்கப் போனபோது மேரி என் கையைப் பிடித்தார். "சண்ட போடட்டும், பாலா. சேர்ந்து பொழங்குனவங்ககிட்டதான் இவ்ளோ சண்ட இருக்கும்." ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டார். எந்த மாதம் யார் ஏறலாம், ஓடையை யார் தூர்வார வேண்டும் என்ற வழக்கமெல்லாம் அந்தச் சண்டையிலிருந்துதான் கிடைத்தது. கடைசியில் மூன்று தரப்புக்கும் ஒரே மனு, ஒரே வரைபடம்.

அதைக் கைவிடு, இல்லாவிட்டால் வேலையை விடு என்றார் முதலாளி. மேரி வேலையை விட்டார். வரைபடத்தைச் சரிபார்த்தவர் என்று என் கையெழுத்தைக் கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்து நான் போடவில்லை. "பிள்ளைங்க படிக்குது, எனக்குத் தெரியாதா" என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அந்த மனுமீது அரசாங்கம் நடத்திய விசாரணையின் முடிவில் பாதையும் ஓடையும் கீழ்ச்சரிவும் எல்லாருக்கும் பொதுவாகத் தப்பின. பிரம்புக்காடு இருக்கும் மேல்சரிவைப் பற்றி இன்னும் முடிவு வரவில்லை; அதை மறுபடி அளந்து வரைந்து தரச் சொல்லியிருந்தார்கள். மருத்துவமனைப் படுக்கையிலும் மேரி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றிருந்தோம். "இனி யாரு தம்பி வரைவாங்க?" என்றார் முனியாண்டி. ஹமிட்டும் என்னைப் பார்த்தார்.

"நான் வரையறேன்" என்றேன்.

மேரி எனக்கு விட்டுச்சென்றது அந்த மேல்சரிவு. சனிக்கிழமை ஏறுகிறோம்.