பதினேழு ஜோடிக் கால்கள்

கடையத்து நாறும்பூநாத பிள்ளை தென்காசி மரக்கடையில் கணக்கெழுத வந்தபோது அவருக்கு வயது இருபது. அவர் போட்ட கூட்டலில் தப்புக் கண்டுபிடிக்கப் போனவர்கள் மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள் என்று ஊரில் பேச்சு. அப்படிப்பட்டவருக்கு இருபத்தைந்து வருஷமாகக் கூடாத தொகை ஒன்றே ஒன்றுதான்: அவர் சம்பளம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் துணிந்து, மாதம் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டார். முதலாளி வல்லிநாயகம் சிரித்தார்.

"எதுக்குவே ரூவா? ஒம்ம மக காலேஜ் படிப்பு, ஆஸ்டல் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். கூட்டிக் கேட்டதுக்குப் பதிலா வச்சுக்கிடும்."

மகள் மங்களேஸ்வரி பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போனாள். ஆனால் விடுமுறைக்கு வந்தால் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். விருந்தாளிகளிடம், "நம்ம தர்மத்துல படிக்குத புள்ள" என்று காட்டுவார் அவர். அவள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழ வேண்டும். ஒரு பொங்கலுக்குப் பதினேழு ஜோடிக் கால்கள். அதில் ஒன்று, பாத்திரம் கழுவி வரட்டும் என்று காத்து நின்ற பால்காரருடையது. அவரும் மறுக்காமல் ஆசீர்வாதம் செய்தார். பிள்ளை ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

சாரல் விழ ஆரம்பித்தால்தான் வருமானவரி அதிகாரிகளுக்குத் தென்காசிக் கோப்புகள் ஞாபகம் வரும். ஐம்பத்தெட்டு ஆடியில் ஒருவர் குற்றாலம் பங்களாவில் முகாம் போட்டு, தலை வழிய எண்ணெயோடு மரக்கடைப் பேரேட்டை விரித்தார். கல்லூரிச் செலவில் விரல் நின்றது.

"இது சம்பளத்தைச் சேர்ந்ததா, முதலாளி பிரியப்பட்டுக் கொடுத்ததா?"

சம்பளம் என்றால் பிள்ளையின் வருமானம் வரம்பைத் தாண்டும், வரி உண்டு. பிரியம் என்றால் அவருக்கு ஒன்றும் இல்லை. அதிகாரி நல்ல மனுஷர். அருவிக்குப் போகும் அவசரம் வேறு. "பிரியம்னு எழுதிக் கொடுங்க, முடிச்சிருவோம்" என்றார்.

"ஆமா சார்" என்று முந்திக்கொண்டார் முதலாளி. "பாவம்னு படிக்க வைக்கேன். வித்யாதானம்."

கடைசி வருஷக் கட்டணம் கட்டப் பத்தே நாள் இருந்தது. பிள்ளைக்கு அது தெரியாமலில்லை. இருந்தும் கண் முன்னால் அந்தப் பதினேழு ஜோடிக் கால்கள்தான் வந்து நின்றன.

"சம்பளந்தான் சார். நான் பாத்த வேலைக்கு வந்த கூலி."

திரும்பும்போது கார் மேலகரம் தாண்டியதும் முதலாளி வாயைத் திறந்தார்.

"வரி கட்டுத அளவுக்குப் பெரிய ஆளாயிட்டேரு. இனிமே ஒம்ம மகள நீரே படிக்க வையும்வே."

பத்து நாளில் பணம் புரளவில்லை. மங்களேஸ்வரி தகரப்பெட்டியோடு தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். பிள்ளை நடந்ததைச் சொன்னார். அவள் அழவில்லை.

"மானத்துக்காவப் பேசிட்டிய. யாரு மானம்ப்பா? விழுந்தது நான்லா? இன்னும் ஒரு வருசம் விழுந்திருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

புரட்டாசியில் நோட்டீஸ் வந்தது. வரி பத்து ரூபாய் சொச்சம். கஜானாவில் கட்டி ரசீது வாங்கினார். மகளிடம் காட்டலாம் என்று வீட்டு வாசல் வரை கொண்டுவந்தவர், மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அறுபத்தேழாம் வருஷம் வரை அதே மரக்கடையில், அதே மேசையில், அதே சம்பளத்தில் கணக்கெழுதினார். அந்த வருஷத்துக்கு அப்புறம் அவருக்கு வரி வந்ததே இல்லை.