தயக்கம் தேய்த்த பற்கள்

அந்தப் படகின் என்ஜின் முன்கியரிலிருந்து முதன்முறை நழுவியபோது நான் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நடுவில் தனியாக இருந்தேன். உறுமல் திடீரென உயர்ந்தது; படகு மட்டும் நின்றுவிட்டது. பதினைந்து குதிரைவலுவும் வெறும் சத்தமாக வெளியேறிக்கொண்டிருக்க, மலைப்பக்கத்துக் காற்று படகின் மூக்கைப் பிடித்து மெதுவாகத் திருப்பியது. கியர்த்தண்டை நடுநிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் முன்னே நகர்த்தினேன். கியர் விழுந்தது. நூறு யார் தூரம் போனதும் மறுபடி நழுவியது. கரை சேர்வதற்குள் ஐந்து முறை அப்படி நடந்தது.

படகு என் மகனுடையது. கண்டியில் வங்கி ஒன்றில் வேலை பார்த்த அவன் ஞாயிறுகளில் அதில் மீன்பிடிக்கப் போவான். அவன் இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. நோய் முற்றிய நாட்களில் அவன் தெளிவாகச் சொல்லிவைத்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, அக்கரையில் வலை போட்டுப் பிழைக்கும் தம்பதிக்குப் படகைக் கொடுத்துவிட வேண்டும் என்பது. அவர்கள் துடுப்புப் போட்டே நீர்த்தேக்கத்தைக் கடப்பவர்கள். உடனே கொடுத்திருக்கலாம். நான்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சுற்றுப் போய்வந்து, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். ஒருவாறு நாள் குறித்தாயிற்று; அடுத்த ஞாயிறு அவர்கள் வருவார்கள். காற்றுக் காலம் தொடங்கிவிட்டிருந்தது. நடுநீரில் கியர் நழுவும் படகை இரண்டு உயிர்களிடம் ஒப்படைப்பதற்குக் கொடை என்று பெயர் வைக்க முடியாது.

பழுதின் காரணம் எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். மகன் கியர் போடும் விதம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. தண்டை ஒரே தள்ளாகத் தள்ளுவான். ‘டக்’ என்று எஃகு அறையும் சத்தம் கேட்கும். “இரும்புக்கும் ஒரு மரியாதை இருக்கிறது” என்று ஒருமுறை தண்டை மெல்ல நகர்த்திக் காட்டிக் கண்டித்தேன். “கெஞ்சினாத்தான் அப்பா அது கெட்டுப்போகும்” என்று சிரித்தான். அதை இளமையின் சமாளிப்பாக எடுத்துக்கொண்டேன். அவனுக்குப் பின் நான் ஓட்டிய ஞாயிறுகளில் கியரை மிக மெல்ல, ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல நகர்த்திவந்தேன். ஆகவே கியர் நழுவியதும், அவனுடைய முரட்டுத்தனத்தின் கணக்கு இப்போது தீர்கிறது என்று முடிவுகட்டினேன்.

குண்டசாலையில் என் வீட்டருகே படகு என்ஜின் தெரிந்தவர் எவரும் இல்லை. விசாரித்ததில், திகனைப் பக்கத்தில் முச்சக்கர வண்டிகள் திருத்தும் கராஜ் ஒன்றைச் சொன்னார்கள். அதன் உரிமையாளர் ஐம்பது வயதளவிலான முஸ்லிம் மனிதர். கற்பிட்டியில் மீன்பிடிப் படகுகளின் என்ஜின்களோடு இருபது ஆண்டுகள் கழித்தவர். திருமணம் அவரை மலைநாட்டுக்குக் கொண்டுவந்திருந்தது.

“என்ன சேர் செய்யிது?”

“கியர் நழுவுது. உள்ளே பல் உடைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். மகன் கொஞ்சம் முரட்டுத்தனமா ஓட்டுவான்.”

“அது நீங்க நெனக்கிறது. என்ஜின் என்ன நெனக்கிதுண்டு பாப்பம்.”

என்ஜினைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மாட்டி இயக்கினார். உடனே எதையும் தொடவில்லை. தலையைச் சாய்த்து, நடுநிலையில் அது ஓடும் வேகத்தைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அது அளவுக்கு மீறி ஓடினாலும் கியர் விழும்போது உரசும் என்றார்; ஆனால் ஓட்டம் சரியாக இருந்தது. பிறகு, “சேர், நீங்க ஒருக்கா போட்டுக் காட்டுங்க” என்றார். நான் என் வழக்கப்படி தண்டை நகர்த்தினேன். ‘கர்ர்ர்’ என்று அரை நொடி அரைத்துவிட்டுக் கியர் விழுந்தது. இன்னொரு முறை போடச் சொன்னார். மீண்டும் அதே அரைப்பு. என்ஜினை நிறுத்தினார்.

அடுத்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியின் நடுவிலிருந்து அதன் இதழ்வரை சோக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். “இதுக்குள்ள ரப்பர் ஒண்டு ஈக்கி. அது வழுக்கினாலும் இப்பிடித்தான் உறுமும். ஆக்கள் கியரக் குத்தம் சொல்லிட்டு எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிருவாங்க.” கியரில் போட்டு, மரக்கட்டையொன்றால் விசிறியை வலிந்து திருகினார். ரப்பர் வழுக்கியிருந்தால் கோடு இரண்டாகப் பிளந்திருக்கும்; பிளக்கவில்லை. தண்டின் மூட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார், அவற்றிலும் ஆட்டமில்லை. இறுதியாக, கியர் அடங்கிய அடிப்பெட்டியின் எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்தார். “பால் மாதிரி வந்தா தண்ணி பூந்தீக்கிண்டு அர்த்தம். இது நல்லாத்தான் ஈக்கி.” ஆனால் கழற்றிய திருகாணியின் காந்த முனையில், வெள்ளிப்பொடி போன்ற எஃகுத் துகள் படிந்திருந்தது.

முப்பது ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவன் நான். சாத்தியங்களை ஒவ்வொன்றாக நீக்கிச் செல்வதே நிரூபணத்தின் பாதி என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். என் சொந்த விஷயத்தில் முதல் வரியிலேயே விடையை எழுதிவிட்டிருந்தேன். எண்ணெய் படிந்த சாரத்தோடு குந்தியிருந்த அந்த மனிதர் ஒரு படியைக்கூடத் தாண்டிப் போகவில்லை.

மறுநாள் நான் போனபோது அடிப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளிருந்து எடுத்த ஓர் எஃகு வளையத்தைத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரு பக்கமும் பற்கள் கொண்ட அந்த வளையம் முன்னே நகர்ந்தால் படகு முன்னே போகும். பின்னே நகர்ந்தால் பின்னே போகும்.

“இது ரிவர்ஸ் பக்கம். மூலையெல்லாம் கத்தி மாதிரி ஈக்கி. மத்தப் பக்கத்தத் தடவிப் பாருங்க.”

முன்பக்கப் பற்களின் மூலைகள் மழுங்கி உருண்டிருந்தன.

“தேஞ்ச எடம் பளபளண்டு ஈக்கிதானே? பழைய தேய்வெண்டா எண்ணெ ஏறிக் கறுத்துப் போயிரிக்கும். இது ஆறேழு மாசத்து வேல.”

எந்த ஆறேழு மாதம் என்று நான் கேட்கவில்லை. காரணத்தை மட்டும் கேட்டேன்.

“மெதுவாப் போட்டா பல்லோட பல்லு உரசி உரசித்தான் உள்ள போகும். ஒவ்வொருக்காலும் மூலையக் கொஞ்சம் தின்னும். வாசல்ல நிண்டு யோசிக்கப் படாது சேர். உள்ள போறண்டா போயிரோணும்.” பிறகு, வேறெங்கோ பார்த்தபடி, “மகன் எப்பிடிப் போடுவாரு?” என்றார்.

“ஒரே தள்ளு.”

அவர் தலையசைத்தார். “நல்லா வெச்சீந்தாரு. நேரத்துக்கு எண்ணெ மாத்தியீக்காரு. கழட்டின ஸ்குரூ எல்லாத்துலயும் கிரீஸ் ஈக்கி. உப்புத்தண்ணியே படாத என்ஜினுக்கு ஆரு இப்பிடிப் பாப்பாங்க?”

வளையத்தைச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

புதிய வளையம் நீர்கொழும்பிலிருந்து வரவேண்டும், ஞாயிறுக்குள் வராது. “அவசரமெண்டா இதையே மாத்தித் திருப்பிப் போட்டுத் தரேலும்” என்றார். “முன்கியர் நல்லா நிக்கும். ரிவர்ஸ்தான் நழுவும். அது எத்தனதரம் போடப் போறாங்க?”

“அக்கரை முழுக்கப் பாறை. படகை நிறுத்த ரிவர்ஸ் வேணும்.”

“அதத்தான் நானும் சொல்ல வந்த” என்று வளையத்தைப் பழைய இரும்புகளுக்குள் போட்டார். என் வாயிலிருந்து அது வரட்டும் என்று அவர் காத்திருந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஞாயிறு காலை தம்பதி துடுப்புப் படகில் வந்து சேர்ந்தார்கள். இருவரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு தண்ணீரை நம்பி வந்தவர்கள். என்ஜின் இல்லாத படகைக் காட்டி, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் பழுது மகனுடையது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது.

“கெடுத்தது நான்தான். அவன் இல்லை.”

கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், “தம்பி அப்பவே சொன்னாரு ஐயா” என்றார். “சீக்கிரமா வாங்கிக்கங்க, எங்கப்பா கியரத் தடவித் தடவியே அழிச்சிருவாருன்னு.”

“சும்மா இருங்க. பெரியவர்கிட்ட பேசுற பேச்சா இது?” என்று மனைவி அதட்டினார்.

“நானா சொல்றேன்? தம்பி சொன்னதத்தானே சொல்றேன்.”

நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகே அந்த அம்மாளும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு காற்று பலமாக இருந்தது. புதிய வளையத்தோடு என்ஜின் படகில் ஏறியது. அவர்களுடைய துடுப்புப் படகைக் கயிற்றால் பின்னால் கட்டினார்கள். கணவர் முன்புறம் போய் அமர, மனைவி என்ஜினருகே வந்தார். “இவதான் ஓட்டுவா ஐயா. எனக்கு வலைதான் சரி” என்றார் கணவர். கியரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் அந்த அம்மாளிடம் சொன்னேன். மகனிடமிருந்து ஏற்றுக்கொள்ள மறுத்த அதே விஷயத்தை, எதையும் குறைக்காமல், இரண்டு முறை சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டு, “சரிங்க ஐயா” என்றார்.

படகு கரைக்கற்களை விட்டுப் பின்வாங்கி, நின்று, திரும்பியது. காற்று கூடுதலாக அடிக்கும் நடுப்பகுதியில் அதன் மூக்கு உயர்ந்து தாழ்ந்தது. என்ஜினின் ஒலி மாறிவிடுமோ என்று காது கொடுத்தபடி நின்றேன். மாறவில்லை. அக்கரைப் பாறைகளுக்குச் சற்று முன்னால் வேகம் தணிந்தது. ரிவர்ஸ் பிடித்துப் படகு அசையாமல் நின்றது. கணவர் இறங்கிக் கயிற்றை இழுத்துக் கட்டியதும் அந்த அம்மாள் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை. மேட்டில் ஏறி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.