ஏழு பூத்துக் காசிமாயன்

"தொண்ணூத்தி நாலு எங்க? இன்னும் காணமே. ஏத்தா நூத்திப் பதினேழு, பக்கத்து வீடுதான ஒனக்கு, ஒரு சத்தங் குடு தாயி."

காலை ஐந்தேகால் மணிக்கு வேனின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி இப்படிக் கேட்கிறவர் காசிமாயன். தொண்ணூற்று நான்கு ஓடி வருகிறாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையில் முடிக்காத பின்னல். மில்லில் கொடுத்த டோக்கன் எண் போலிருக்கிறது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது வாக்காளர் பட்டியலில் அவளுடைய வரிசை எண். தன் வேனில் ஏறும் முப்பத்தெட்டுப் பெண்களின் எண்களும் அவருக்கு மனப்பாடம். அவர்களுடைய புருஷன்மார் எண்ணும் தெரியும். செத்துப்போன பிறகும் பட்டியலில் உயிரோடிருக்கும் மாமனார்களின் எண்ணும் தெரியும்.

சமயநல்லூருக்கு அப்பால் உள்ள ஒரு நூல் மில்லுக்கு, சுற்றியுள்ள ஐந்து கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிப்போவது அவர் பிழைப்பு. பதினாறு வருஷமாக வேன், இருபத்திரண்டு வருஷமாகக் கட்சியின் கிளைச் செயலாளர். இரண்டில் எது தொழில் என்பது அவர் மனைவி நாகஜோதிக்கே இன்னும் தெளிவில்லை. வண்டியில் காக்கிச் சட்டை. கூட்டத்துக்குப் போனால் நீலம் போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதுவதற்கு, இன்னொன்று யாராவது கேட்டால் கொடுப்பதற்கு. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருமுன்பே மணப்பெண்ணிடம் முகவரி மாற்ற விண்ணப்பத்தை நீட்டிவிடுவார். "சாப்பாடு எங்க ஓடியா போகுது? பட்டியல மூடிட்டாகன்னா அப்புறம் அஞ்சு வருசம்த்தா" என்பார்.

ஓட்டுக் கேட்டுப் போகும்போது ஆட்களை அவர் எடைபோடுகிற விதமும் தனி. "'கண்டிப்பாப் போட்டுர்றோம்ணே'ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றான் பாருங்க, அது நம்ம ஓட்டு இல்ல. 'பாப்போம்'கிறவன் பாதி. கதவத் தொறந்ததுமே நம்மளத் திட்டுறான்ல, அவந்தான் முழுசா நம்மாளு. உரிமை இல்லாதவன் எதுக்குத் திட்டப்போறான்?" இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பியதில்லை என்று எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

சென்ற தடவை அந்தத் தொகுதியை அவர் கட்சி இருநூற்றுப் பத்து ஓட்டில் இழந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் பாதியை நிரப்பும் கூட்டம், அவ்வளவுதான். அதனால் இந்தத் தடவை தலைமை ஒரு வியூகக் குழுவை அனுப்பியது. மடிக்கணினியோடு வந்திறங்கிய பவதாரிணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தொகுதியின் பூத்துகளை அவள் மூன்று நிறமாகப் பிரித்தாள். பச்சை என்றால் நம்முடையது. ஆட்களை விடாமல் வரவழைக்க வேண்டும். மஞ்சள் என்றால் ஊசலாடுவது. வீடு வீடாக ஏற வேண்டும். சிவப்பு என்றால் தேறாதது. அங்கே நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. காசிமாயனின் ஐந்து கிராமங்களுக்கும் சேர்த்து ஏழு பூத்துகள். ஏழும் சிவப்பு.

செயல்வீரர்கள் கூட்டத்தில் இதை ஒன்றியச் செயலாளர் நல்லகாமன் மைக்கில் வாசித்தபோது, பின்வரிசையிலிருந்து காசிமாயன் எழுந்தார்.

"மாமா, அந்த ஏழுல நம்ம ஜெயிக்க முடியாதுங்கிறது எனக்கும் தெரியும். ஆனா எம்புட்டுல தோக்குறோம்ங்கிறது நம்ம கையிலதான இருக்கு? ஏழுலயும் சேத்து அறுநூத்தி நாப்பது ஓட்டுல தோத்த எடத்துல முந்நூறுல தோத்தா, மிச்சம் முந்நூத்தி நாப்பது யாருக்கு லாபம்?"

"மாப்ள, தோக்குறதுக்குக் கூடவா திட்டம் போடுவாக? உக்காரு" என்றார் நல்லகாமன். மண்டபம் சிரித்தது. காசிமாயன் உட்காரவில்லை.

"என் மில்லுக்குப் பதினோரு வண்டி ஓடுது. ஓட்டு வச்சிருக்குற பொம்பளையாளுக நானூத்திப் பன்னெண்டு. காலைல அஞ்சேகாலுக்கு ஏத்துறோம், ராத்திரி ஏழுக்கு எறக்குறோம். பூத்து தொறக்குறது ஏழு மணி, மூடுறது ஆறு மணி. ரெண்டு எலெக்சனா அதுல ஒருத்தி வெரல்லயும் மை இல்ல. ஓட்டு எங்க இருக்குன்னு தேடுறீகளே மாமா, அது என் வண்டியிலதான் ஒக்காந்திருக்கு."

சிரிப்பு சற்று அடங்கியது. பவதாரிணி மடிக்கணினியைத் திறந்து எதையோ தேடினாள். அந்த ஏழு பூத்துகளில் மட்டும் பெண்களின் வாக்கு ஆண்களைவிட அறுபது அறுபதாகக் குறைந்திருந்ததை அவள் முன்பே பார்த்திருந்தாள். வெளியூர் போனவர்களாக இருக்கும் என்று குறித்துவைத்திருந்தாள். அவர்கள் தினமும் அதே ஊரில்தான் தூங்கி எழுகிறார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் விடிகாலையில் அவள் அந்த வேனில், எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பெண்கள் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூங்காத ஒருத்தி ஒச்சாயி. நாற்பத்தைந்து வயது, மில்லில் எல்லோரையும்விடப் பழைய ஆள்.

"ஓட்டா? அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான் எங்க ஞாபகம் வருமா ஒங்களுக்கு? வாரவன் போறவன் ஒருத்தனும் எங்க முகத்தக்கூடப் பாத்ததில்ல" என்று ஊர் எல்லை தாண்டும்வரை திட்டினாள்.

காசிமாயன் பவதாரிணியின் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார்.

"ஆனா அண்ணே, இவங்க எல்லாரும் நமக்கே போடுவாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள் அவள், வண்டியை விட்டு இறங்கிய பிறகு.

"போடமாட்டாகம்மா. ஆனா பத்துல ஒம்போது வரும். இம்புட்டு வருசமா ஒரு கட்சிக்காரனும் இவுககிட்ட கேட்டதில்ல. மொதல்ல கேக்குறவனுக்கு ஒரு மரியாதை இருக்கும்ல."

அன்று மாலையே ஏழு பூத்துகளின் நிறம் அவள் கணினியில் மாறியது. புதிதாக ஒரு நிறம் வைத்தாள், ஊதா.

வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்பது சட்டம். மில் வாசலிலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த அறிவிப்பை ஒட்டத்தான் செய்தார்கள். உள்ளே மேற்பார்வையாளர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: 'ஓட்டுப் போட்டுட்டு ஷிப்டுக்கு வந்துருங்க.' காலை ஐந்து மணிக்கு எந்தப் பூத்தில் ஓட்டுப் போடுவது என்று யாரும் கேட்டதில்லை. கட்சியின் வேட்பாளர் கிறிஸ்துராஜ் மதுரையில் வக்கீல். மனுவை அவரே எழுதினார். ஆனால் கட்சியின் பெயரில் கொடுத்தால் அரசியல் என்று ஒதுக்கிவிடுவார்கள். மில்லோடு சம்பந்தப்பட்ட ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் நிற்கும் என்றார். பெண்கள் தயங்கினார்கள். அந்த வேலையை நம்பித்தான் ஒவ்வொருத்தி வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

காசிமாயன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஓட்டுநர், வண்டி எண் ஏழு" என்று பெயருக்குக் கீழே எழுதிக் கையெழுத்திட்டார். கலெக்டர் அலுவலகத்திலும் தொழிலாளர் துறையிலும் அவரே நேரில் போய்க் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் வேன் ஒப்பந்தக்காரர் வீட்டுக்கே வந்து சாவியை வாங்கிப்போனார். கையை மட்டும் நீட்டினார். நாகஜோதி கதவோரம் நின்று பார்த்தாள். அவர் போன பிறகு, "மக காலேசுல சேரப்போற வருசம்" என்று மட்டும் சொன்னாள். "ஆக்டிங் டிரைவராப் போறேன். மதுரையில வண்டிக்கா பஞ்சம்?" என்றார் காசிமாயன். சொன்னாரே தவிர, மறுநாள் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட, போவதற்கு வண்டியில்லாமல் கட்டிலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆறு நாள் கழித்து உத்தரவு வந்தது. அதிகாரிகள் மில்லுக்கே போய், வாக்குப்பதிவன்று இயந்திரம் ஓடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். பதினோரு வண்டிகளும் அன்று நிறுத்தம்.

வாக்குப்பதிவு நாள். அழகர் ஆற்றில் இறங்க இன்னும் பத்து நாள் இருந்தது. வெயில் காலையிலேயே ஏறியிருந்தது. பூத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, வேப்பமர நிழலில் கட்சியின் மேசை. காசிமாயன் பட்டியலை விரித்து உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் பெயரில் ஒரு கோடு. எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி. ஆண்கள் வந்தார்கள், கிழவிகள் வந்தார்கள். மில் பெண்களில் ஐந்தாறு பேர்கூட வரவில்லை. ஏழு பூத்திலும் இதே நிலைமை.

நல்லகாமன் போனில் கூப்பிட்டார். "என்ன மாப்ள, லீவு வாங்கிக் குடுத்த, எல்லாம் நல்லாத் தூங்குதாகளா?"

பக்கத்துத் தோப்புக்காரர் தன் டிராக்டரைத் தருவதாகச் சொன்னார். பவதாரிணி பதறிப்போனாள். "வேண்டாம்ணே. கட்சி வண்டியில வாக்காளர ஏத்தக் கூடாது. அதுக்கே ஜெயிச்ச தேர்தலக்கூட ரத்து பண்ணிருவாங்க."

"தெரியும்மா. ஏத்தமாட்டேன்" என்று எழுந்த காசிமாயன் செருப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். கொடி இல்லை, துண்டு இல்லை. எந்த வீட்டிலும் கட்சிப் பேரைச் சொல்லவில்லை. குழாயடியில் மலைபோலத் துணியைக் குவித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள் ஒச்சாயி. மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலைகளை எல்லாம் அந்த ஒரு நாள் லீவில் முடித்துவிடுவது என்று ஊரிலிருந்த மில் பெண்கள் எல்லோருமே இறங்கியிருந்தார்கள்.

"இருநூத்தி அறுபது" என்றார் காசிமாயன்.

"வாய மூடுண்ணே" என்றாள் ஒச்சாயி, தலையைத் தூக்காமல். "வேல போன மனுசன் வீட்டுல கெடக்காம வெயில்ல எதுக்கு அலையிற? எங்களுக்குத் தெரியாதா போறதுக்கு? அழுக்குச் சேலையோடயா போகச் சொல்ற? வேலைய முடிச்சிட்டுப் போகணும்னு மத்த ஊருக்கும் நேத்தே சொல்லியாச்சு. போயி நெழல்ல ஒக்காரு."

அவர் வந்து நிழலில் உட்கார்ந்தார். திட்டு வாங்கிய முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததைப் பவதாரிணி கவனித்தாள்.

மூன்று மணிக்குத் தெருமுனையில் முதலில் தெரிந்தது நிறங்கள்தான். தலைக்குக் குளித்து, ஈரம் காயாத கூந்தலில் பூ வைத்து, பெட்டியிலிருந்து எடுத்த சேலை கட்டி, மாமியார்களைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஒச்சாயி முன்னால். பூத்து வாசலில் வரிசை பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றி வளைந்து தெரு வரைக்கும் நீண்டது. மற்ற ஆறு பூத்திலிருந்தும் போன் வந்துகொண்டே இருந்தது. ஆறு மணிக்கு வாசலை மூடி, உள்ளே நின்றவர்களுக்கெல்லாம் அதிகாரிகள் டோக்கன் கொடுத்தார்கள். காசிமாயன் கோடு போட்டுப் போட்டு ஒரு பேனாவின் மை தீர்ந்தது. நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்று எண்பத்தெட்டு.

எண்ணிக்கை நாளில் ஓட்டு எண்ணும் மேசையில் கட்சியின் முகவராக அவர் உட்கார்ந்தார். ஏழு பூத்துகளும் கடைசிச் சுற்றுகளில் வந்தன. ஏழிலும் கட்சி தோற்றது. ஏழையும் கூட்டினால், சென்ற தடவை அறுநூற்று நாற்பதில் தோற்ற இடம். இந்தத் தடவை இருநூற்று எழுபதில். தொகுதி முழுதும் கூட்டிப் பார்த்தபோது கிறிஸ்துராஜ் நூற்று அறுபத்து மூன்று ஓட்டில் ஜெயித்திருந்தார். மண்டபம் அதிர்ந்தது. நல்லகாமன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து காசிமாயனைத் தூக்கியே விட்டார்.

"தோக்குறதுக்குத் திட்டம் போட்டு ஜெயிச்சுட்டியேடா மாப்ள."

"எறக்குங்க மாமா, சட்ட கிழியுது" என்றார் காசிமாயன். கண் கலங்கியிருந்தது.

மறுவாரம் ஒப்பந்தக்காரரே சாவியோடு வந்தார். புது டிரைவரின் வண்டியில் ஏறமாட்டோம் என்று ஏழாம் நம்பர் வேனின் பெண்கள் மூன்று நாள் பஸ்ஸில் போயிருந்தார்கள். "திங்கக்கெழமையிலருந்து எடுத்துக்கங்க காசிமாயன்" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். நாகஜோதி சாவியை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

வாக்காளர்களுக்கு நன்றி சொல்ல எம்.எல்.ஏ. திறந்த ஜீப்பில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேளம், வெடி, ஆரத்தி. ஒச்சாயியும் மற்றவர்களும் ஜீப்புக்கு முன்னால் குலவை போட்டபடி நடந்தார்கள். கிறிஸ்துராஜ் மைக்கில் காசிமாயனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மேலே ஏற்றி, பொன்னாடை போர்த்தித் தன் பக்கத்தில் நிற்கவைத்தார். கீழிருந்து கைதட்டல். எம்.எல்.ஏ.வின் டிரைவர் அழகுராஜா ஊருக்குப் புதிது. பெண்கள் எங்கே நிற்பார்கள், எங்கே திரும்புவார்கள் என்று தெரியாமல் வண்டியை முட்டவிடுவது போல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார்.

காசிமாயன் இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு பொன்னாடையை எடுத்து மடித்துக் கம்பியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். முன்கதவைத் திறந்து, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க தம்பி" என்று சொல்லி ஸ்டியரிங்கில் அமர்ந்து, முன்னால் போகும் பெண்களின் நடைக்கு ஏற்றபடி முதல் கியரிலேயே வண்டியை நகர்த்தினார்.