ஆறுதல் சொல்ல எழும்பியவர்கள்

நான் வேலைக்குப் போன நாளிலேயே ரீச்சரின் கைகள் இயங்குவதை நிறுத்திவிட்டிருந்தன. நரம்புகள் தசைகளை ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். முதலில் விரல்கள், பிறகு தோள், பிறகு கால்கள், கடைசியில் மூச்சு. அந்த வரிசையை முதல் நாள் அவரே எனக்குச் சொன்னார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர், அதையும் ஒரு பாடம் போலத்தான் சொன்னார். அறுபத்திரண்டு வயது. யூதப் பெண்மணி. கலியாணம் கட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், எனக்கு வாய் வரவில்லை. ரீச்சர் என்று கூப்பிட்டேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

நான் ஆர்ச்வேயில் இருந்தேன். அவர் வீடு கிழக்கு ஃபின்ச்லியில், ரயிலில் இரண்டே தரிப்பு. காலை எட்டு மணிக்குப் போய்க் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி, மாலை மற்றப் பராமரிப்புப் பெண் வரும்வரை நிற்பேன். வியாழக்கிழமைகளில் மட்டும் இன்னொரு வேலை. ரீச்சர் சொல்லச் சொல்ல நான் கணினியில் அடிக்க வேண்டும்.

யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வருடம் முழுவதற்கும் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பகுதி. ரீச்சரின் சிறிய தொழுகைக்கூடத்தில் ஒரு அறுபது எழுபது குடும்பம். அந்த வாரத்துப் பகுதியை எடுத்து, அதில் இந்தக் காலத்து மனிதனுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவது ரீச்சரின் வழக்கம். பதினொரு வருடமாக ஒரு வாரமும் விட்டதில்லை. நான் ஊரில் அரச அலுவலகமான கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்தவள் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் எனக்குள் அதெல்லாம் தமிழாகத்தான் நிற்கிறது.

எந்தப் பகுதியிலிருந்தும் அவர் ஒரு பாடத்தை எடுத்துவிடுவார். கூடாரத்துக்குத் திரை தைக்கும் அளவுகளிலிருந்துகூட. தோல் நோய்க்காரனை முகாமுக்கு வெளியே வைக்கும் சட்டத்திலிருந்துகூட. கடைசிப் பந்தி எப்போதும் நம்பிக்கையில் முடியும். நான் அடித்துக்கொண்டே, இந்த மனுசிக்கு எங்கிருந்து இது வருகிறது என்று நினைப்பேன். பிறகு எழும்பிப்போய் அவர் கடைவாயைத் துடைத்துவிடுவேன்.

என் கதையை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில் நாங்கள் மூன்று பேரும் நீரேரியைக் கடந்து வந்தோம். என் கணவர், நான், ஏழு வயது மகள். ஆண்கள் பதிவதற்குத் தனியாக வர வேண்டும், பின்னேரம் திருப்பி விடுவோம் என்று சீருடைக்காரர்கள் சொன்னார்கள். அவர் பஸ்ஸில் ஏறினார். யன்னலால் கையைக் காட்டி, பிள்ளைக்குத் தண்ணி குடு என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினாறு வருடம்.

அகதியாக லண்டனுக்கு வந்த பிறகும் நான் பொட்டு வைப்பதை விடவில்லை. காணாமல்போனவர்களுக்காகக் கூட்டம் கூடும் நாட்களில் வெஸ்ட்மின்ஸ்டரில் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றிருக்கிறேன். ஊரிலிருந்து அவருடைய தம்பி மாதம் தவறாமல் எங்களுக்குப் போன் எடுப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சுத்தான். "இந்த வருசம் ஏதும் நல்ல செய்தி வரும் அண்ணி. மனதை விடாதேங்கோ." மாமியும் போனை வாங்கி அதையே சொல்லுவா. அந்தக் குரல்களைக் கேட்டால் எனக்கு ஒரு மாதம் ஓடிவிடும்.

போன மார்கழியில் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. வைகாசியில் நாள். மாப்பிள்ளை குட்மேய்ஸில் இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை, நல்லவன். அவர்கள் வீட்டில் அழைப்பிதழைத் தயாரித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மகளின் தகப்பன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருந்தது. காலஞ்சென்ற.

அன்று புதன்கிழமை. மகள் வேலையால் வந்து கோட்டைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"இதை ஆர் போடச் சொன்னது?"

"நான்தான் அம்மா. அவையள் கேட்டவை, நான் சொன்னனான். அது ஒரு வேர்ட்தானே."

"ஒரு சொல்லுத்தான். அதை நான் போட்டால் நான் அவரைச் சாக்காட்டினதாப் போகும்."

அவள் கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டாள். பிறகு, சத்தம் போடாமல், "அம்மா, நான் ஏழு வயசில இருந்து வெயிட் பண்ணிக்கொண்டிருக்கிறன். எனக்குக் காணும், இனி ஏலாது," என்றாள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. அந்த வாரத்துப் பகுதியை ரீச்சர் எனக்குச் சுருக்கமாகச் சொன்னார். ஒரு தகப்பனுக்குப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள். ஒருவன்மேல் மட்டும் அளவுக்கு மிஞ்சிய பாசம், அவனுக்கு அழகான அங்கியும் தைத்துக் கொடுத்திருந்தான். பொறாமைகொண்ட சகோதரர்கள் அவனைப் பிறத்தியாருக்கு விற்றுவிட்டு, அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து தகப்பனிடம் காட்டுகிறார்கள். ஏதோ மிருகம் தின்றுவிட்டது என்று தகப்பன் நம்புகிறான். பிள்ளைகள் எல்லோரும் எழும்பி வந்து ஆறுதல் சொல்கிறார்கள். அவன் ஆறுதலை ஏற்க மறுத்துவிடுகிறான்.

"ஏன் மறுத்தான் என்று பழைய உரைகாரர்கள் கேட்டிருக்கிறார்கள்," என்றார் ரீச்சர். மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான் அப்போது பேசுவார். "செத்தவர்களுக்காக அழுகிறவனுக்கு ஒரு நாள் ஆறுதல் வரும். அது மனித இயல்பு. உயிரோடு இருக்கிறவனுக்காக அழுதால் ஆறுதல் வராது. மகன் உயிரோடு இருந்தான். தகப்பனின் அறிவுக்கு அது தெரியாது, மனதுக்குத் தெரிந்திருந்தது."

என் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன.

"அடியுங்கள்," என்றார். "இந்த வாரம் நமக்குரிய பாடம். ஆறாத துயரத்தை நோய் என்று நினைக்காதீர்கள். சில வேளைகளில் அது நம்மிடம் மிஞ்சியிருக்கும் கடைசி உண்மை. ஆற மறுக்கும் மனம், இன்னும் முடியாத ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது."

ரயிலில் அந்த வரிகளையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினாறு வருடமாக எனக்கு ஆறவில்லை. அப்படியென்றால் அவர் இருக்கிறார். வேறு என்ன அர்த்தம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் தாய்க்குச் செய்தி அனுப்பினேன், அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ என்று. ஊருக்கும் எடுத்து மைத்துனருக்குச் சொன்னேன். பல வருடத்துக்குப் பிறகு என் குரலில் ஒரு தென்பு இருந்திருக்க வேண்டும்.

பிறகு எடுக்கிறன் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை அவரே திருப்பி எடுத்தார்.

"அண்ணி, அந்தச் சொல்லை எடுக்க வேண்டாம்."

"ஏன் தம்பி?"

"அண்ணை இல்லை."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒன்பது வருசத்துக்கு முந்தி ஒருத்தர் தடுப்பில இருந்து விடுதலையாகி எங்கட வீட்டை வந்தவர். அண்ணையோட ஒரே இடத்தில இருந்தவராம். காய்ச்சல் கண்டதாம், மருந்து ஒண்டும் குடுக்கேல்லையாம். அவற்ற மடியிலதான் போனவராம். பிள்ளைக்குக் காலில இருக்கிற தழும்பைக்கூடச் சொன்னவர், அண்ணி. பொய்யெண்டு சொல்ல ஏலாது."

"மாமிக்குத் தெரியுமோ?"

"ஓம். அம்மாதான் சொல்ல வேண்டாமெண்டவ. பிள்ளையோட தனிய நிக்கிறீங்கள், நம்பிக்கையெண்டாலும் இருக்கட்டும் எண்டு. பிறகு நாள் போகப் போகச் சொல்ல வாய் வரேல்லை. இப்ப நீங்கள் அப்பிடிச் சந்தோசமாக் கதைக்க, எனக்கு ரெண்டு நாளாச் சாப்பிட ஏலாமல் போச்சுது."

அவர் அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். பரவாயில்லை தம்பி, நீர் என்ன செய்வீர் என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் ஒன்பது வருடம் என்பது விளங்கத் தொடங்கியது. நூற்றுக்கு மேல் தொலைபேசி அழைப்புகள். மழைக்குள் நான் பிடித்துக்கொண்டு நின்ற படத்தில் இருந்தவர் ஏற்கெனவே மண்ணில். என் மனதுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தெரியும் என்று நான் நினைத்ததெல்லாம் வெறும் பழக்கம்.

மகளுக்குச் சொன்னபோது அவள் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து, "எனக்குத் தழும்பு இருக்கிறதை அப்பா ஞாபகம் வைச்சிருந்தவரோ?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது. ரீச்சரைக் கதிரைக்கு மாற்றும்போது அவருடைய கண்கள் என் நெற்றியிலேயே நின்றன.

"பொட்டு எங்கே?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், படம், அழைப்பிதழ், அவர் எழுதிய பக்கம், அதை நம்பி நான் செய்தது. குற்றம் சொல்வதற்காக இல்லை. ஆனால் சொல்லும்போது என் குரலில் குற்றச்சாட்டு இருந்தது, அது எனக்கே கேட்டது.

அவருடைய பார்வை மூடியிருந்த கணினிப் பக்கம் போனது. பிறகு, "அந்தப் பகுதியில் ஒரு விஷயத்தை நான் ஒரு வருடமும் எழுதியதில்லை," என்றார். "ஆறுதல் சொல்ல எழும்பி வந்தவர்கள் யார்? அவனை விற்றவர்கள். உண்மை தெரிந்தவர்கள். தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வருடம் அதே வீட்டில் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அதைத் தாண்டிப் போய்விடுவேன். அதிலிருந்து ஒரு பாடமும் வராது."

"என்ரை ஆக்கள் கெட்டவை இல்லை ரீச்சர். பாசத்திலதான் மறைச்சவை."

தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. திருப்பி ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "அதுதான் இன்னும் மோசம். கோபப்படவும் உங்களுக்கு ஆளில்லை." கொஞ்சம் மூச்சு எடுத்து, "நானும் அவர்களோடு எழும்பி வந்தவள்தான். அந்தப் பக்கத்துக்குக் கடைசிப் பந்தி தேவைப்பட்டது. அதனால் எழுதினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார்.

மன்னிக்க என்ன இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. முட்டையை மசிக்கக் குசினிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நான்கு வாரம் வியாழக்கிழமைகளில் கணினி திறக்கப்படவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் அவரே கூப்பிட்டார். அப்போது முகத்தில் மூச்சுக் கவசம் போட்டிருந்தார், ஒரு சொல்லுக்கு ஒரு தரம் அதை நான் விலக்க வேண்டும். அடிமைப்பட்டிருந்த சனத்திடம் தலைவன் போய், விடுதலை வரும் என்று சொல்கிறான். மூச்சு முட்டும் அளவுக்கு வேலையால் நொந்துபோயிருந்தபடியால் அவர்கள் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. அதுதான் அந்த வாரத்துப் பகுதி. ரீச்சர் எழுதியது நான்கே வரி. மூச்சில்லாத மனிதரிடம் நம்பிக்கையைப் பேசாதீர்கள், அவர்களால் அதைக் கேட்க முடியாது, கேட்காததற்கு அவர்களைக் குறை சொல்லவும் வேண்டாம் என்று. தொழுகைக்கூடத்திலிருந்து ஒரு பெண், முடிவில் கொஞ்சம் வெளிச்சமாக ஏதாவது சேர்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்டு எழுதியிருந்தாள். நான் வாசித்துக் காட்டினேன். ரீச்சர் கண்ணை மூடி இல்லை என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

பங்குனியில் அவரைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாம் தடவை என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை இறந்து, அடுத்த நாளே அடக்கம் செய்துவிட்டார்கள். அவர்கள் வழக்கம் அப்படி. எனக்குத் தகவல் வந்தது திங்கட்கிழமை.

கலியாணம் குறித்தபடி நடந்தது. அழைப்பிதழில் அந்தச் சொல் இருந்தது. ஹவுன்ஸ்லோவிலிருந்து என் அண்ணையும் அண்ணியும் வந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். நல்ல காரியத்துக்கு முன்னம் மற்றதை எடுக்க வேண்டாம், பிறகு ஆறுதலாகச் செய்யலாம் என்று இரண்டு வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். அதனால் அவருக்கு எந்தக் கிரியையும் செய்யாமலே கலியாணம் முடிந்தது. படம் எடுக்கிறவர் தாய் தகப்பன் வாங்கோ என்று கூப்பிட்டபோது மகள்தான் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆடி அமாவாசைக்கு ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போனோம், நானும் மகளும். ஐயர் பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன்.

"இறந்த திதி?"

"தெரியாது ஐயா."

"மாதமாவது?"

வெளியே வந்து ஊருக்கு எடுத்தேன். மைத்துனருக்கும் தெரியாது. மழை பெய்துகொண்டிருந்ததாம் என்று அந்த மனுசன் சொன்னது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. வந்த மனுசனின் தொலைபேசி எண் இருந்ததாம், அது இப்போது வேலை செய்வதில்லையாம்.

திரும்பி வந்து சொன்னேன். ஐயர் தலையாட்டினார். "பரவாயில்லை அம்மா, அமாவாசையே போதும். இஞ்ச உங்களைப் போலக் கனபேர் வருகினம்," என்றார்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்க நான் நிற்கவில்லை. மகளுக்குப் பதினொரு மணிக்கு வேலை, எனக்குப் பன்னிரண்டுக்குப் புது வீட்டில் ஷிப்ட். மலையால் இறங்கி வரும்போது அவள் என்னோடு ஒட்டி நடந்தாள்.