பஞ்சுவுக்கு முடி கொட்டிய குளிர்காலம்

போன கிழமை த்ரீ கிங்ஸ் கடைத்தெருவில் பாலும் பாணும் வாங்கப் போனேன். பக்கத்துக் கடை வாசலில் காய்ந்த புல்லைப் பொதி பொதியாக அடுக்கியிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். புல் மணத்துக்குக் கண் கலங்குகிற மனிதனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். குளிர்காலத்தில் உள்ளே இருப்பதைவிட வெளியே நிற்பது சுகம் என்னும்படியான வீடு. கொழும்பில் கணக்காளராக இருந்த நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு கடையில் மரக்கறி அடுக்கினேன். கோவா என்கிற முட்டைக்கோஸின் வெளி இலைகளை எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவற்றைத் தின்ன ஒரு ஆள் வேண்டும் என்று மகள் சுகி பிடிவாதம் பிடித்து வாங்க வைத்ததுதான் பஞ்சு, வெள்ளையும் மண்ணிறமுமான ஒரு கினிப்பன்றி.

சுகிக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலிஸில் பதில் சொல்லப் பழகிவிட்டாள். கெஞ்சிப் பார்த்தோம், ஏசிப் பார்த்தோம், சொக்லேட் காட்டிப் பார்த்தோம். அசையவில்லை. ஆனால் உடுப்புத் தோய்க்கும் அறையில் காய்ந்த புல் பரப்பிய பஞ்சுவின் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து அவள் கதைத்தது முழுக்கத் தமிழ். "சாப்பிட்டனியோ? ஏன் குழப்படி செய்யிறாய்?" என்று அப்படியே தாயின் குரல். அதோடு மட்டும் ஏன் தமிழ் என்று கேட்டேன். பஞ்சு இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கு இங்கிலிஸ் விளங்காது என்று எனக்கு இங்கிலிஸில் விளக்கினாள். அதன் பிறகு வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கதவடியில் கள்ளனைப் போல நின்று கேட்பேன்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் பஞ்சுவின் முதுகில் சின்னதாய் ஒரு சொட்டையைக் கண்டேன். அடுத்த கிழமை அது இரண்டு விலாவுக்கும் இறங்கிவிட்டது. தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. பஞ்சு ஓயாமல் சொறிந்தது, இலையை மோந்துவிட்டு மூலைக்குப் போய்ப் படுத்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோவாவுக்கு அடித்த மருந்தோ? வீட்டு ஈரமோ? லின்ஃபீல்டில் இருந்த தமிழ்நாட்டு நண்பரிடம் போனில் புலம்பினேன். "பூஞ்சையா இருக்கும்ங்க, குழந்தைய கிட்ட விடாதீங்க" என்றார். அவர் கம்ப்யூட்டர்காரர்தான், ஆனால் பயந்தவனுக்கு யார் சொன்னாலும் அவர்தான் வைத்தியர்.

சுகியைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பஞ்சு, நான் வருவன், அழாதை" என்றாள். உண்மையைச் சொன்னால், நான் பயந்தது அந்தச் சீவனுக்காக மட்டும் இல்லை. அது செத்தால் என் பிள்ளையின் வாயில் மிஞ்சியிருந்த தமிழும் அதோடு போய்விடும். இதை மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு விசர். முதல்ல டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ" என்றாள்.

மிருக வைத்தியர் ஓர் உயரமான வெள்ளைக்கார அம்மா. பஞ்சுவின் தோலைத் தடவி, விரலை மோந்து பார்த்து, என்ன பூசினீர்கள் என்று கேட்டார். ஒன்றுமே பூசவில்லை என்று நான் சத்தியம் பண்ணாத குறை. சுகி என் ஜம்பரைப் பிடித்து இழுத்து, மெல்ல உண்மையைச் சொன்னாள். சனிக்கிழமைகளில் தாய் அவளுக்கு நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் அவித்துத் தலைமுழுக வார்ப்பாள். மிச்சத்தை எடுத்து இவள் பஞ்சுவையும் முழுக வார்த்திருக்கிறாள் மகராசி, சனி தவறாமல், தேய்த்துத் தேய்த்து. சீயக்காய் என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோல் காய்ந்து புண்பட்டிருக்கிறது, வேறு நோய் இல்லை, முழுக்கை நிறுத்தினால் முடி வரும் என்றார். அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன்.

அவர் பஞ்சுவின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, பசிக்கிறதா கண்ணே என்று இங்கிலிஸில் கொஞ்சியபடி ஒரு கரட் துண்டை நீட்டினார். பல நாளாகச் சத்தமே போடாத பஞ்சு "வீக், வீக்" என்று அறை முழுக்கக் கேட்கக் கத்தியது.

சுகி மேசை விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு, "பஞ்சு, உனக்கு இங்கிலிஸ் தெரியுமோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள்.

முடி முளைத்தது, முன்னைவிட அடர்த்தியாக. பஞ்சு இன்னும் சில வருசம் கொழுகொழுவென்று வாழ்ந்தது. நானும் பழையபடி கதவடியில் போய் நின்று பார்த்தேன். உள்ளே இங்கிலிஸ்தான் கேட்டது. பிறகு அந்த மரவீட்டையே இடித்துவிட்டார்கள். அது போகட்டும். சுகி இப்போது வெலிங்டனில் இருக்கிறாள், ஞாயிறுதோறும் போன் எடுப்பாள், தங்கமான பிள்ளை. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலிஸில் சொல்லுவாள். அன்றைக்கு அந்த மேசையடியில் பஞ்சுவோடு கோபித்துக்கொண்டாளே, அதுதான் அவள் வாயால் நான் கேட்ட கடைசித் தமிழ்.